ஊசி ஒன்றில் நிற்கிறது

ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே அப்பாவும் நீயும் உன் வீட்டுக்காரியும் நலம்தானா? எழுதினால்தானே தெரியும். இந்த மாதம் தபால் படகு இரண்டு தடவை வந்துபோய்விட்டது. பையில் தலைமை அலுவலகத்துச் சுற்றறிக்கை இருந்தது, டீசல் ரசீது இருந்தது. உன் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

மூன்று ஞாயிறாக அப்பாவின் குரல் வரவில்லை. நான்கு மணிக்கு நம் அலைவரிசையில் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிவிட்டது. பதிலுக்கு வெறும் இரைச்சல். அதற்கு அடியில் எலி காகிதத்தைச் சுரண்டுகிற மாதிரி ஏதோ ஒன்று. அது ஆளா, பூச்சியா என்றுகூடச் சொல்ல முடியாது.

இந்தத் தீவில் ஃபோன் கிடையாது. நான் வேலை பார்க்கிற வானிலை நிலையத்து வயர்லெஸ்ஸில் காற்று, மழை, ஆபத்தில் மாட்டிய படகு தவிர வேறு பேச்சு பேசக்கூடாது. பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது கை விழுந்ததிலிருந்து அவர் கடிதமும் நின்றுவிட்டது. மிச்சம் இருப்பது என் சொந்த ரேடியோ செட்டும் அவர் செட்டும்தான். பேருந்து நிலையத்தில் ஆயுசு முழுக்க மைக் பிடித்தவர், ஓய்வு பெற்ற பிறகு பள்ளிக்கூடப் பையன்களோடு உட்கார்ந்து வீட்டிலிருந்தே பேசுகிற ஹாம் ரேடியோவுக்குப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினாரே, எதற்கு? ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் என்னோடு பேசத்தானே?

கொல்லைக்குப் போய் ஆன்டெனா கம்பத்தடியில் பெட்டியைத் திறந்து பார். கேபிள் முனை கறுத்திருக்கிறதா, தண்ணீர் இறங்கியிருக்கிறதா பார். பிறகு அப்பா பேசும்போது செட்டுக்குப் பக்கத்துச் சின்ன மீட்டரில் ஊசி எங்கே நிற்கிறது என்று பார்த்து எண்ணை எழுது. சோம்பல்படாதே.

அப்பா மருந்தை வேளைக்குச் சாப்பிடட்டும்.

உன் அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுது.

ரொட்டி ஆலையில் இரண்டு பேர் நின்றுவிட்டதால் எனக்கு இரட்டை ஷிஃப்ட். அதனால்தான் எழுதவில்லை.

நீ சொன்னபடி பார்த்தேன். பெட்டி காய்ந்திருக்கிறது. கேபிள் முனை புதிதுபோல் இருக்கிறது. நீ பேசுவது அப்பாவுக்குக் கணீரென்று கேட்கிறது. அவர் பேசும்போது ஊசி ஒன்றில் நிற்கிறது, அசையவே இல்லை. எண் ஏற ஏறக் கோளாறு, ஒன்றைவிட நல்ல எண் கிடையாது என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய்? ஆகவே கோளாறு உன் பக்கம்தான். உன் செட்டைப் பார்.

அப்பா நன்றாக இருக்கிறார். கவலைப்படாதே.

தம்பி


மே 24

தம்பி,

நான் நலம். நீ நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று எவன் உனக்குச் சொன்னான்? ஊசி ஒன்றில் நிற்கிறதாம். நீ மூன்று என்று எழுதியிருந்தால் கேபிள் போச்சு என்று விட்டிருப்பேன். ஒன்று என்று எழுதினாய் பார், அங்கேதான் மாட்டிக்கொண்டாய்.

அந்தக் கம்பம் பாதி ஆன்டெனாதான். மீதிப் பாதி மண்ணில் இருக்கிறது. விடுமுறையில் வந்து நானும் நீயும் கொல்லை முழுக்கக் கீறி, கம்பத்தடியிலிருந்து சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் மாதிரி நாலா பக்கமும் முப்பத்திரண்டு செப்புக் கம்பி புதைத்தோமே, மறந்துபோயிற்றா? முதுகு நிமிராமல் இரண்டு பேரும் ஒரு வாரம் படுத்துக் கிடந்தோமே? கம்பத்தில் ஏறுகிற சக்தி திரும்பி வர அந்தக் கம்பிகள்தான் வழி. அவை இருந்தால் ஊசி ஒன்றரையில் நிற்கும். கிளம்புகிற அன்றைக்குக்கூட அளந்தேன், ஒன்றரை. அவை இல்லாவிட்டால் மண்ணே சக்தியைக் குடித்துக்கொள்ளும். செட்டுக்கு அது சுகம், ஊசி அழகாக ஒன்றுக்கு இறங்கும். வெளியே போவது விழலுக்கு இறைத்த நீர்.

அன்றைக்கே உன்னிடமும் அப்பாவிடமும் சொன்னேன். "இந்தக் கம்பி இல்லேன்னா நான் பேசறது உங்களுக்குக் கேக்கும், நீங்க பேசறது எனக்குக் கேக்காது." இப்போது அப்படியே நடக்கிறது. அந்தக் கம்பிகள் தானாகக் காலெடுத்து நடந்து போகவில்லை. நீ பிடுங்கியிருக்கிறாய். எதற்கு? ஷெட் போடவா? அப்பா அங்கே உட்கார்ந்து மண்ணோடு பேசிக்கொண்டிருக்கிறார், நீ வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறாயா?

பதில் எழுது. உண்மையை எழுது.

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

சௌக்கியம். சௌக்கியம் இல்லாவிட்டாலும் நீ அங்கிருந்து என்ன செய்யப்போகிறாய்?

ஆமாம், பிடுங்கினேன். என் கையால், கடப்பாறை போட்டு, ஒன்றுவிடாமல். சுருட்டிப் பரணில் எறிந்திருக்கிறேன். துணி காயப்போடப் போகிறவள் காலில் கம்பி தட்டிற்று என்று வைத்துக்கொள். எனக்குப் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள். எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

நீ தீவில் உட்கார்ந்து கடிதத்தில் அதிகாரம் செய்கிறாய். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தலை வாரி, சட்டை மாற்றி, மைக் முன்னால் உட்கார்கிற அப்பாவைத்தான் உனக்குத் தெரியும். திங்கட்கிழமை விடியற்காலை அப்பாவை உனக்குத் தெரியுமா? படுக்கை மாற்றுவது யார்? குளிப்பாட்டுவது யார்? கஞ்சியை ஆற்றி ஊட்டுவது யார்? அரை மணி நேர அப்பா உனக்கு, மீதி அப்பா முழுக்க எனக்கு. கணக்கு சரியாக இருக்கிறதா?

இதற்கு மேல் காரணம் கேட்காதே. அப்பாவிடமும் கேட்காதே.

தம்பி


ஜூன் 26

கஞ்சியை ஊட்டுகிறாய் என்பதற்காக வாயைக் கட்டுவாயா?

நான் பேசுவது அவருக்குக் கேட்கிறதல்லவா? வருகிற மாதம் முதல் ஞாயிறு, நாலு மணிக்கு, உன் பெயரை நாறடிக்கிறேன். அறையில் நீயும் இரு. ஓடி ஒளியாதே.

உடம்பு நலம்.

அக்கா


ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது. தெரிந்தால் திட்டுவார், திட்டட்டும். மாமா சத்தியம் வாங்கியது அவரிடம்தான். என்னிடம் யாரும் எதுவும் வாங்கவில்லை.

மார்ச் மாதம் மாமாவுக்கு மறுபடி வாதம் வந்துவிட்டது. போன தடவை கை. இந்தத் தடவை வாய். நாக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து சனிக்கிழமை கூட்டிவந்தோம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உங்களைக் கூப்பிட்டார். லைசென்ஸில் கொடுத்த அவருடைய அழைப்புக் குறியே அவர் வாயில் உருத்தெரியாமல்தான் வந்தது. நீங்கள் சொன்னது எங்கள் மூன்று பேருக்கும் தெளிவாகக் கேட்டது.

"யாருங்க அது? குடிச்சுட்டு வந்து மைக்கப் புடிக்கிறீங்களா? இது எங்கப்பா வர்ற நேரம். மரியாதையா எடத்தக் காலி பண்ணுங்க."

உங்கள் மேல் தப்பில்லை என்று எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

மாமா மைக்கை மெதுவாகக் கீழே வைத்தார். ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் உங்கள் தம்பியைக் கூப்பிட்டு, "கம்பியப் புடுங்கு" என்றார். இவருக்குப் புரிய வெகுநேரம் ஆயிற்று. "அவ பேசறது எனக்குக் கேக்கணும். நான் பேசறது அவளுக்குக் கேக்கக் கூடாது. அதுக்கு அவளே வழி சொல்லிருக்கா" என்றார். இவர் சண்டை போட்டார். "அக்காகிட்ட நான் எழுதிச் சொல்றேம்பா, வேலைய விட்டுட்டு வரட்டும்" என்றார். "சொன்னே, நான் மருந்து தொட மாட்டேன்" என்று மாமா சத்தியம் வாங்கிக்கொண்டார். இவர் கம்பியைப் பிடுங்கும்போது அழுதுகொண்டே பிடுங்கினார். அதையும் சொல்லக்கூடாது என்றுதான் சொல்வார்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மாமா உங்களோடு அரை மணி நேரம் பேசுகிறார். ஒன்றுவிடாமல் சொல்கிறார். ரொட்டி ஆலைக் கதை, பக்கத்து வீட்டு நாய்க் கதை, உடம்பு வலி எல்லாம். கேட்காது என்கிற தைரியத்தில் பேசுகிறார்.

போன ஞாயிறு நீங்கள் இவரைப் போட்டு அந்த வாங்கு வாங்கினீர்களே. "சொந்த அப்பன ஊமையாக்கிட்டான், இவன் ஒரு புள்ளையா" என்று. இவர் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். மாமாதான் மைக்கை எடுத்தார். "அவன ஒண்ணும் சொல்லாத, நான்தான், நான்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாக்குக் குழறினாலும் எனக்குப் புரியும், பழகிவிட்டது. உங்களுக்கு அது கேட்கவில்லை, "இன்னைக்கு இதோட போதும்" என்று செட்டை அணைத்துவிட்டீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

இவள் எழுதிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். எப்படித் தெரிந்தது தெரியுமா? உன்னிடமிருந்து வசவுக் கடிதம் வரவில்லை. ஒரு படகு வெறுங்கையோடு வந்தது. சரி, யோசிக்கிறாள் என்று இருந்தேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை? இரண்டு ஞாயிறாக நீ கூப்பிடவில்லை. நாலு மணிக்கு அப்பா செட்டைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். நாலரை. ஐந்து. "கப்பல் ஏதாச்சும் ஆபத்துல இருக்கும், அவளுக்கு வேல இருக்கும்" என்று அவரே சமாதானம் சொல்கிறார், எனக்கு! கடிதத்தில் புலி மாதிரி பாய்ந்தாயே, இப்போது எந்தப் பொந்தில் ஒளிந்திருக்கிறாய்? வெட்கமா? உன் வெட்கத்தை நீ படகில் ஏற்றிக் கடலில் கொட்டு. அவருக்கு மிச்சம் இருந்தது காது ஒன்றுதான். அதையும் நீ பிடுங்கிக்கொண்டாய். நான் பிடுங்கியது வெறும் கம்பி.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இந்த வீட்டில் நான்தான் மத்தளம். சௌக்கியம்.

தம்பி


ஆகஸ்ட் 19

அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது என்று தம்பியிடம் கேட்டேன், நன்றாக இருக்கிறீர்கள் என்று எழுதினான். இனி உங்களையே கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்?

இதை மருமகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தம்பி படித்தால் நடுவில் நிறுத்தி என்னைத் திட்டுவான்.

நான் வேலையை விட்டுவிட்டு வரப்போவதில்லை. அதற்குப் பயந்துதானே இவ்வளவும்? பயம் வேண்டாம். குடிகாரன் என்றதற்கு மன்னிப்பைக் காகிதத்தில் கேட்கப்போவதும் இல்லை. சொன்ன இடத்தில்தான் கேட்பேன், காற்றில். நீங்கள் பதில் சொல்ல வேண்டும், அது எனக்குக் கேட்க வேண்டும்.

எனக்கு உங்கள் மேல் பற்றிக்கொண்டு வருகிறது அப்பா. இங்கே என் பிழைப்பு என்னவென்று நினைத்தீர்கள்? புயல் நாளில் மீன்பிடிப் படகிலிருந்து ஒருவன் கூப்பிடுவான். எஞ்சின் சத்தம், இடி, குளிரில் அவன் பல் அடித்துக்கொள்ளும். பாதி வார்த்தை கடலுக்குப் போய்விடும். "மறுபடி சொல்லுங்க" என்பேன். சொல்வான். "மறுபடி." சொல்வான். பத்துத் தடவை ஆனாலும் அவன் கோபித்துக்கொண்டதில்லை, எனக்குச் சலித்ததும் இல்லை. இரைச்சலில் சொல் பொறுக்கித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். முகம் தெரியாதவனுக்குப் பொறுக்குகிறவள் பெற்ற அப்பனுக்குப் பொறுக்கமாட்டேனா? அன்றைக்கு ஒரு தடவை, ஒரே தடவை, "மறுபடி சொல்லுங்க" என்று நான் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல்தான் இரண்டு ஞாயிறு செட்டைத் தொடவில்லை.

கம்பியைப் புதைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்


செப்டம்பர் 4

மகளுக்கு,

மாமா சொல்லச் சொல்ல உங்கள் தம்பி மனைவி எழுதுவது. அவர் சொன்னது அப்படியே:

நான் உயிரோடு இருக்கிறேன். நிலையத்தில் நான் மைக்கில் சொன்னால் பெஞ்சில் தூங்குகிறவன் எழுந்து சரியான பஸ்ஸில் போய் ஏறுவான். என் முகம் தெரியாதவனுக்கும் என் குரல் தெரியும். உனக்கும் அந்தக் குரல் தெரியும். அது போதும். வாயில் எச்சில் வழிய நான் பேசுவதை ஊர் உலகம் கேட்க வேண்டாம். அது பொது அலைவரிசை. கம்பி பரணில் இருக்கட்டும். நீ பேசு. நான் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அது போதும்.

அப்பா

அண்ணி, இது நான். கடைசி "போதும்" என்பதை அடிக்கச் சொன்னார், மறுபடி எழுதச் சொன்னார், மறுபடி அடிக்கச் சொன்னார். நானாகத்தான் விட்டுவைத்தேன்.


செப்டம்பர் 30

அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய். ஆளை ஆட்டிவைக்கிற தெம்பு இருக்கிறதே, அதற்கு என்ன நோய் வரும்?

மூன்று ஞாயிறாக நீ செய்ததை நான் வாசற்படியில் நின்று கேட்டேன். உன் கதையைச் சொல்லி முடித்து "ஓவர்" என்கிறாய். அப்பா தன் பாட்டுக்குப் பேசுகிறார். உனக்கு ஒன்றும் கேட்காது என்று உனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நாய்க்கும் தெரியும். அவர் முடிக்கிற நேரத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்து, "புரியலப்பா. மறுபடி சொல்லுங்க. ஓவர்" என்கிறாய். கொஞ்சம் பொறுத்து, "மறுபடி சொல்லுங்க." அரை மணி நேரமும் இதே பல்லவி. முதல் ஞாயிறு அவர் செட்டை முறைத்தார். இரண்டாம் ஞாயிறு மேசையில் குத்தினார். மருந்துக் குப்பி உருண்டு உடைந்தது.

மூன்றாம் ஞாயிறு எழுந்தே நின்றுவிட்டார். பிடிமானம் இல்லாமல். "கேக்காதுன்னு தெரிஞ்சே கேக்குறா பாரு! கேக்காதுன்னு தெரிஞ்சே கேக்குறா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் என்ன செய்தேன்? என்னிடம் ஏன் கத்த வேண்டும்? "நீங்கதானப்பா கேக்க வேணாம்னீங்க" என்றேன். "எடுடா கம்பிய" என்றார். இந்தத் தடவை எனக்கு முதலிலேயே புரிந்தது.

பிடுங்கு என்றால் பிடுங்க வேண்டும், புதை என்றால் புதைக்க வேண்டும். நான் மனிதனா மண்வெட்டியா? நான்கு மாலை, ஷிஃப்ட் முடிந்து வந்து, நானும் இவளும் குனிந்தபடியே கிடந்தோம். மண் கட்டாந்தரையாக இறுகிவிட்டது. அப்பாவை நாற்காலியோடு தூக்கிக் கொல்லை வாசலில் வைத்தோம். சும்மா இருந்தாரா? இடது கையை நீட்டி "கோணல், கோணல்" என்று உயிரை எடுத்தார். ஒரு கட்டத்தில் மண்வெட்டியை வீசிவிட்டுப் போய்விட்டேன். அரை மணி கழித்து நானே திரும்பி வந்தேன். அதற்குள் இவள் இரண்டு கம்பியை நேராக்கிப் புதைத்திருந்தாள். அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். என்னைப் பார்த்து ஒரு நாளாவது ஆட்டியிருப்பாரா?

கம்பத்தடியில் எல்லா முனையையும் வளையத்தில் முறுக்கிவிட்டேன். அளந்தாயிற்று. ஒன்றரை. உன் பாழாய்ப்போன ஒன்றரை.

நீ என்னைப் பற்றிக் காற்றில் பேசியதை நான் மறக்கவில்லை. அதற்கு வேறு கடிதம் எழுதுவேன்.

தம்பி


அக்டோபர் 14

அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் உடம்பு எப்படி என்று கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. அரை மணி நேரம் மூச்சு வாங்காமல் திட்ட முடிகிறது, நல்ல உடம்புதான்.

ரேடியோ முறைப்படி உங்கள் குரலுக்கு மார்க் எழுதித் தருகிறேன். ஞாயிறு, நான்கு மணி. சத்தம்: ஒன்பதுக்கு எட்டு. எங்கள் ஜெனரேட்டர் ஓடும்போதே காதில் அறைந்தீர்கள். தெளிவு: ஐந்துக்கு இரண்டு. தயவு தாட்சண்யம் பார்த்து மூன்று போடமாட்டேன்.

நான் மன்னிப்பு என்று ஆரம்பித்து, சொல்லி முடித்து, மைக் சுவிட்சை விட்டபோது நீங்கள் ஏற்கெனவே பாதிப் பேச்சில் இருந்தீர்கள். ஒருவர் ஓவர் சொல்லும் முன் அடுத்தவர் பேசக்கூடாது என்பது பரீட்சையிலேயே வரும். நீங்கள் தேறியதாகக் கேள்வி. சுவிட்சை அழுத்திப் பேசுகிறவருக்கு எதிர்ப்பக்கம் கேட்காது. அதனால் நான் கேட்ட மன்னிப்பு உங்கள் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. இன்னொரு முறை கேட்கிறேன், அதற்குள் நீங்கள் மைக்கைத் தொடாதீர்கள்.

எத்தனை தடவை "மறுபடி" என்று கேட்டேனோ நான் எண்ணவில்லை. நீங்கள் எண்ணியிருப்பீர்கள். எனக்குச் சந்தேகமில்லாமல் புரிந்தவை மூன்று. முதலாவது "கழுதை". இரண்டாவது "அறிவிருக்கா". மூன்றாவது "பாவம் அவன்". அது தம்பியைப் பற்றி என்று நினைக்கிறேன். அவனிடம் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள். அவன் பக்கத்தில்தானே நிற்கிறான், அதற்குக் கம்பி எதற்கு?

நான்காவதாக ஒன்று இருக்கிறது. சின்னச் சொல். கடைசியில் திரும்பத் திரும்ப அதையே சொன்னீர்கள், கத்தினீர்கள், பிறகு மெதுவாகவும் சொல்லிப் பார்த்தீர்கள். எனக்கு விளங்கவில்லை. மருமகளுக்கு விளங்கியிருக்கும், ஒரு வரி எழுதச் சொன்னால் எழுதிவிடுவாள். எழுத வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

எனக்கு விளங்கும்வரை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் மகள்